மூன்று வேண்டாமும் ஓர் ஆடும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மனைவியின் கல்லறை மேல் சத்தியம். எங்கள் சந்துப் பள்ளிவாசல் கடிகாரத்தின் மேல் சத்தியம். அது பத்து நிமிடம் பிந்தி ஓடும், ஆனால் பொய் சொன்னதில்லை. என் வலது முழங்காலின் மேலும் சத்தியம். இடது முழங்கால் தற்சமயம் சத்தியம் தாங்கும் நிலையில் இல்லை.

இடது முழங்காலின் கதை இந்தத் தொடரில் போன வாரமே வந்துவிட்டது. குளியலறையில் நான் வழுக்கி விழுந்ததாக டாக்டர் எழுதிக் கொடுத்தார். உண்மையில் ஒரு பல்லி என்னைத் தள்ளியது. சொன்னேன். அவருடைய படிவத்தில் பல்லிக்குக் கட்டம் இல்லையாம்.

விழுந்தது நான். முடிவெடுத்தது என் மகன் விபோவோ. ஐம்பத்து மூன்று வயது, மாவட்ட அலுவலகத்தில் வேலை. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுத் தான் நினைத்ததையே எழுதுகிறவன். சலாத்திகாவில் இருக்கும் தன் அக்கா நிங்குக்கு அவன் போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்கு இனிமே கூட ஒரு ஆள் வேணும். உங்களுக்குத்தான் ரிட்டயர்மெண்ட் ஆயிடுச்சே."

"சரிப்பா" என்றாள் நிங்.

அந்த ஒரு "சரி"யை வைத்துக்கொண்டு அவன் புது மெத்தை வாங்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் குடும்பமாக உட்கார்ந்து பேசுவது என்றும் ஏற்பாடாயிற்று. எங்கள் சோலோ ஊரில் முடிவெடுத்த பிறகுதான் உட்கார்ந்து பேசுவது வழக்கம்.

நிங் சனிக்கிழமை மாலை வந்து சேர்ந்தாள். கையில் ஒரே ஒரு பை. பையின் பக்க அறையில், ஞாயிறு மாலை நாலரை மணி பஸ்ஸுக்குத் திரும்பும் டிக்கெட். நான் துழாவிப் பார்க்கவில்லை. பை திறந்திருந்தது, எனக்குக் கண் இருந்தது, அவ்வளவுதான்.

என் மூத்த மகளுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழுப்பெயர் வுர்யானிங்சி. அதை முழுதாகக் கூப்பிட இந்தக் குடும்பத்தில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை. இரண்டு வருஷம் தன் அம்மாவின் கட்டிலருகே இருந்தாள். நாலு வருஷம் தன் புருஷனின் கட்டிலருகே இருந்தாள். கூடவே முப்பத்தொரு வருஷம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் மற்றவர்களின் விடுப்பு விண்ணப்பங்களை அடுக்கினாள். நாற்காலியில் சாய்ந்து உட்கார அவளுக்குத் தெரியாது. நுனியில்தான் உட்காருவாள், உள்ளேயிருந்து யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல.

பள்ளிக்கூடம் அவளை வழியனுப்பும்போது இரண்டு பரிசு கொடுத்தது. ஒரு மேஜை மின்விசிறி. ஆறு வாரத்துக்கு ஒரு கோச். ஓட்டப் பந்தயத்துக்கான கோச் இல்லை, வாழ்க்கைக்கான கோச். வேலை முடிந்த பிறகு தனக்கு உண்மையாக வாழ்வது எப்படி என்று போனில் சொல்லிக் கொடுப்பார். மின்விசிறி மூன்றாம் நாள் நின்றுபோயிற்று. கோச் நிற்கவில்லை.

அவர் பெயர் தோகார் சிம்போலோன். ஜகார்த்தாவில் இருக்கிறார், ஆனால் தோபா ஏரிக்கரையில் பிறந்த பத்தாக் ஆள். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஒரே தடவைதான் சொல்வார்கள். அதைக் கேட்டு ஏரியின் மறுகரையில் இருப்பவன்கூட நீட்டிய தட்டைத் திரும்ப எடுத்துக்கொள்வான்.

"உங்களுக்கு என்ன வேணும் பு நிங்?" இதுதான் அவருடைய முதல் பாடம். பெரியவர்களில் பெண்ணைப் பு என்றும் ஆணைப் பாக் என்றும் கூப்பிடுவது எங்கள் வழக்கம். முதல் வாரம் நிங், தம்பிக்குப் பதவி உயர்வு வேண்டும் என்றாள். இரண்டாம் வாரம், அப்பாவுக்கு மலச்சிக்கல் தீர வேண்டும் என்றாள். நாலாவது வாரம், ஒரு கோப்பை தேநீரைச் சூடு ஆறுவதற்குள் குடிக்க வேண்டும் என்றாள். கோச் அங்கே மேஜையைத் தட்டிக் கொண்டாடினாராம்.

ஐந்தாவது வாரம்தான் விஷயம் வந்தது.

"ஒரு வருஷம் வேணும். யாரையும் தூக்காம, துடைக்காம, மாத்திரை எடுத்துக் குடுக்காம. சலாத்திகாவுல என் ரெண்டு ரூம் வீட்டுல நான் மட்டும். எனக்கு அலுத்துப்போச்சு தம்பி. ஒரு வருஷம் போதும். அப்புறம் அப்பாகிட்ட நானே போயிடறேன்."

இதை நிங் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் சத்தியம் செய்திருக்கிறேன் அல்லவா, அதனால் எனக்குத் தெரியும்.

ஆறாவதும் கடைசியுமான பாடம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் வந்து விழுந்தது. காலை ஆறு மணிக்குச் சமையலறையில் போன் அலறியது. பத்தாக்காரர்களுக்குப் போன் ஒரு கௌரவத்துக்குத்தான். அவர் பேசியது எனக்கு என் படுக்கையிலேயே கேட்டது.

"காலையிலேர்ந்து சின்னச் சின்ன விஷயத்துக்கு வேணாம் சொல்லிப் பழகுங்க. வாய் பழகட்டும். மத்தியானம் உங்க தம்பிகிட்ட பெரிய வேணாமைச் சொல்லிட்டு பஸ் ஏறுங்க. என்ன, செய்வீங்களா?"

"உங்களுக்கு ஏன் சிரமம் தம்பி, ஞாயித்துக்கிழமை அதுவுமா..."

"பு நிங்!"

"செய்யறேன்."

இங்கேதான் கோச் ஒரு தப்புச் செய்தார். அவர் மேல் குற்றமில்லை. ஏரிக்கரையில் வளர்ந்தவருக்கு எங்கள் ஊர் நடைமுறை எப்படித் தெரியும்?

சோலோவில் முதல் வேண்டாம் மரியாதை. இரண்டாவது வளர்ப்பு. மூன்றாவது, கொடுப்பவர் மனம் நோகாமல் கையை நீட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம். நாலாவது வேண்டாமை இந்த ஊரில் கேட்டவர் யாருமில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் சந்தையில் ஒருவர் சொன்னதாகப் பேச்சு உண்டு. விசாரித்ததில் அவர் சுரபாயாக்காரர்.

ஆறரை மணிக்கு பு மர்சூடி வந்தாள். எங்கள் சந்துத் தலைவரின் மனைவி. ஒரு கையில் வாழையிலையில் கட்டிய தேங்காய்ப்பால் சோறு. மறு கையில் ஒரு சீட்டு. அன்று காலை சந்துக்காரர்களின் ஆரோக்கிய நடை. சீட்டை வாங்கிக்கொண்டு நடந்தால் குலுக்கலில் பரிசு உண்டு. நடக்காவிட்டாலும் உண்டு.

"இதை வாங்கிக்கங்க பு நிங்."

"வேணாங்க."

"அட, சும்மா வாங்கிக்கங்க."

"இல்லீங்க, உண்மையாவே வேணாம். எனக்குப் பசியும் இல்ல, நான் நடைக்கும் வரல."

பு மர்சூடி உருகிப்போனாள். "ஊர்ல எத்தனை வருஷம் இல்லாட்டியும் அந்தப் பண்பு போகல பாருங்க" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். "எங்க பெண்கள் சங்கத்துக்கு இப்படி ஒருத்தரைத்தான் தலைவியா தேடிட்டிருக்கோம்."

"நான் இந்த ஊர்லயே இல்லையே!"

"அதான் இருக்கப் போறீங்களே. விபோவோ எல்லார்கிட்டயும் சொல்லிட்டார்."

"தலைவி பதவியெல்லாம் எனக்கு வேணாங்க."

மூன்றாவது வேண்டாம். பு மர்சூடி சோற்றையும் சீட்டையும் நிங்கின் கையில் திணித்துவிட்டு, சங்கத்தில் சொல்லக் கிளம்பினாள்.

ஒன்பது மணிக்குள் நிங் பதினோரு பேரிடம் வேண்டாம் சொல்லியிருந்தாள். எங்கள் முன்னறை மேஜையில் பதினோரு பொட்டலம் இருந்தது. இரண்டு பேரிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருப்பாள் போல. அவர்கள் வாழைப்பழத்தையும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தார்கள். பத்து மணிக்குக் குலுக்கல் நடந்தது. பத்தேகாலுக்குக் கழுத்தில் சிவப்பு ரிப்பனோடு முதல் பரிசு வாசலில் வந்து நின்றது.

அது ஓர் ஆடு.

"எனக்கு வேணாம்" என்றாள் நிங்.

கயிறு கொண்டுவந்தார்கள்.

"ஐயா, என்னால ஆடெல்லாம் பாத்துக்க முடியாது."

புல்லும் கொண்டுவந்தார்கள்.

"நான் சாயங்காலம் ஊருக்குப் போறேங்க!"

கூட்டம் கை தட்டியது. எவ்வளவு அடக்கமான பெண்மணி என்று யாரோ ஒலிபெருக்கியில் சொன்னார். நிங் மூன்றாம் தடவையும் முடித்துவிட்டாள் என்பதால் ஆட்டை எங்கள் தூணில் கட்டிவிட்டுப் போனார்கள். கறுத்த, அகலமான, யாரையும் மதிக்காத ஆடு. பன்னிரண்டு பேர் எடை இருக்கும். எதிர்வீட்டுக்காரர் பத்து பேர்தான் என்பார். அவர் பொறாமைக்காரர்.

நிங் சமையலறைக்குள் போய் கோச்சுக்குப் போன் செய்தாள்.

"தம்பி, எனக்கு ஆடு குடுத்துட்டாங்க."

"ஆடா? நீங்க வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னேனே. சொல்லச் சொல்லத்தான் குடுக்கறாங்க."

கோச் காரணத்தைக் கண்டுபிடித்தார். "நீங்க சிரிச்சுட்டே சொல்லியிருப்பீங்க. அதான் தப்பு. முகத்தை இறுக்கமா வச்சுக்கங்க. கண்ணைப் பாருங்க. சிரிக்காம சொல்லுங்க."

நிங் வெளியே வந்தாள். பு மர்சூடி இனிப்பு அப்பத்தோடு நின்றுகொண்டிருந்தாள். நிங் முகத்தை இறுக்கிக்கொண்டு, அவள் கண்ணையே பார்த்து, சிரிக்காமல் சொன்னாள்.

"எனக்கு. எதுவும். வேணாம்."

பு மர்சூடி அப்பத்தைக் கீழே வைத்தாள். நிங்கின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐயோ, காத்து புகுந்துடுச்சு இவங்களுக்கு! பாக் ஹர்ஜோ, உங்க பொண்ணு முகத்தைப் பாருங்க, எப்படி இழுத்துட்டுப் போயிருக்கு!"

எங்கள் ஊரில் எல்லா நோயும் உடம்புக்குள் காற்றுப் புகுவதால் வருவதுதான். அதற்கு ஒரே வைத்தியம். ஐந்து நிமிடத்தில் நிங்கைக் குப்புறப் படுக்க வைத்து, முதுகில் எண்ணெய் தடவி, பழைய நாணயத்தால் பரபரவென்று சுரண்ட ஆரம்பித்துவிட்டார்கள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எவ்வளவு சிவப்பா வருது பாருங்க" என்றது பு மர்சூடியின் குரல். "எத்தனை வருஷத்துக் காத்தோ!"

"வேணாம்..." என்றது தலையணைக்குள்ளிருந்து என் மகளின் குரல்.

"இதோ முடிஞ்சுடும்மா."

அதன் பிறகு அந்தப் பக்கமிருந்து குரல் வரவில்லை. சுரண்டும் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அழுகிறாளோ என்று சுவரில் காதை வைத்தேன். அழவில்லை. தூங்கிவிட்டிருந்தாள். நாணயத்தால் முதுகைச் சுரண்டும்போது தூங்கிப்போக ஒரு மனுஷிக்கு எவ்வளவு அலுப்பு இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு விபோவோவும் அவன் மனைவி ஹெஸ்தியும் காரில் வந்தார்கள். ஹெஸ்தி நல்ல பெண். எந்த வீட்டிலும் வெறுங்கையோடு நுழைய மாட்டாள், எந்த வாக்கியத்தையும் வெறும் வாக்கியமாக முடிக்க மாட்டாள். மெத்தையும், புதுத் திரைச்சீலையும், ஒரு பானை திம்லோ சூப்பும் இறக்கினார்கள்.

"ஆடு யாருது?" என்றான் விபோவோ.

"அக்காவுக்குப் பரிசு" என்றேன்.

"பாத்தீங்களா அக்கா, வீடே உங்களை வரவேற்குது!"

சாப்பிட உட்கார்ந்தோம். நிங் தன் போனைப் பொரித்த அப்பளத் தகரத்துக்குப் பின்னால் சாய்த்து வைத்தாள். கோச் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அது எனக்கும் ஆட்டுக்கும்தான் தெரியும்.

விபோவோ தொண்டையைச் செருமினான். இறைவனுக்கு நன்றி சொன்னான். எனக்கு நன்றி சொன்னான். மழை பெய்யாமல் இருந்ததற்கு நன்றி சொன்னான். சூப் பாதி ஆறியபோது விஷயத்துக்கு வந்தான்.

"எங்க எல்லார் சார்பாவும் கேட்டுக்கறேன் அக்கா. நீங்க வந்து அப்பாகூட இருக்கணும்."

நிங் தண்ணீர் குடித்தாள். முதுகு எரிந்ததால் நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள். "இல்லப்பா. நான் வரல."

விபோவோவின் முகம் மலர்ந்தது. "பாத்தியா ஹெஸ்தி? பெரிய ரூமைக் குடுக்கறோம்னு கூச்சப்படறாங்க."

"அக்கா எப்பவும் இப்படித்தானே" என்றாள் ஹெஸ்தி.

"கூச்சம் இல்ல விபோவோ. அம்மாவைப் பாத்தேன், அவரைப் பாத்தேன். எனக்கு அலுத்துப்போச்சு. ஒரே ஒரு வருஷம் என்னை விடுங்க."

"அலுப்பு இருக்கத்தானே செய்யும்! அதுக்குத்தான் ஸ்பிரிங் மெத்தையா பாத்து வாங்கினேன்."

"எனக்கு மெத்தை வேணாம். வரமாட்டேன். வேணாம்னா வேணாம்."

மூன்றாகிவிட்டது. விபோவோ இரண்டு கையையும் உயர்த்தி, "அல்ஹம்துலில்லா" என்றான். "அப்போ பேசி முடிச்சாச்சு. அப்பாவுக்கு ஒரு கவலை விட்டது."

அப்போது அப்பளத் தகரம் வெடித்தது.

"அவங்க மூணு தடவ சொல்லிட்டாங்கய்யா! காதுல விழலையா? அவங்களுக்கு வர இஷ்டமில்ல!"

விபோவோ தகரத்தைப் பார்த்தான். பிறகு போனை எடுத்து, சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான்.

"வணக்கங்க. யாருங்க?"

"நான் பு நிங்கோட கோச். தோகார்!"

"அப்படீங்களா, ரொம்ப சந்தோஷம். சாப்டீங்களா?"

"சாப்பாடு கிடக்கட்டும் பாக் விபோவோ! உங்க அக்கா முடியாதுங்கறாங்க!"

"கேட்டேங்க, கேட்டேன். நீங்க சோலோ பக்கம் வந்தா நம்ம வீட்லதான் தங்கணும்."

"எனக்கு எதுவும் வேணாங்க!"

"அடடா, என்ன ஒரு பண்பு! ஹெஸ்தி, இவருக்கு ஒரு டப்பா திம்லோ கட்டிடு, கூரியர்ல அனுப்பிடலாம்."

ஜகார்த்தாவில் ஒரு மனிதர் தலையைப் பிடித்துக்கொள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, அங்கதான இருக்கீங்க? உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா? உங்களுக்கு என்ன வேணும்?"

எண்பத்து மூன்று வருஷத்தில் என்னை யாரும் இதைக் கேட்டதில்லை. கேள்வி வாசல் தெரியாமல் என்னிடம் வந்துவிட்டதோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். நிங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இரண்டு பக்கமும் கருவளையம். அவள் அம்மாவுக்குக் கடைசியில் இருந்ததுபோல.

என் நெஞ்சில் இருந்தது இதுதான்: நிங் இங்கேயே இருக்கட்டும். முந்தின ராத்திரி அவள் பக்கத்து அறையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தூக்கமே வந்தது.

என் வாயிலிருந்து வந்தது இது:

"எனக்கென்னப்பா? எல்லாருக்கும் எது சௌகரியமோ, அது."

"அப்பனும் பொண்ணும் ஒரே அச்சு" என்றார் கோச். இணைப்பு அறுந்தது.

கொஞ்ச நேரம் எல்லோரும் சூப் குடித்தோம். எங்கள் ஊரில் ஒரு காரியத்தில் ஜெயித்தவர்கள், தோற்றவர் மனம் வாடாமல் இருக்க ஏதாவது ஓர் உபசார வார்த்தை சொல்ல வேண்டும். மருமகள் அதில் குறை வைக்காதவள்.

"அக்காவுக்கு அவ்வளவு அலுப்பா இருந்தா, அப்பா எங்க வீட்டுக்கே வந்துடட்டுமே" என்றாள் ஹெஸ்தி. "எங்களுக்கென்ன கஷ்டம்? பெரிய சந்தோஷம்தான்."

இதற்கு என்ன பதில் என்று சோலோவில் பால் மறக்காத குழந்தைக்கும் தெரியும். ஐயோ வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்று சொல்ல வேண்டும். ஹெஸ்தி அதற்காகத் தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். விபோவோ அப்பளத்தை வாயருகே கொண்டுபோயிருந்தான்.

நிங் வாயைத் திறந்தாள். விடியற்காலையிலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, தேவைப்படும் நேரத்தில் அவளிடம் வேண்டாம் தீர்ந்துபோயிருந்தது.

"சரி ஹெஸ்தி" என்றாள். "ரொம்ப நன்றி."

விபோவோ அப்பளத்தைக் கடித்தான். அது நொறுங்கவில்லை. அதாவது, நொறுங்கும் சத்தம் வரவில்லை. எங்கள் சந்தில் பாடிக்கொண்டிருந்த மூன்று ரேடியோவும் நின்றன. அடுத்த தெருவில் ஒரு கோழி முட்டையைப் பாதியில் நிறுத்தியதாகப் பிறகு தெரிய வந்தது. முதல் தடவையே சரி! நேருக்கு நேர்! உபசாரத்தைக் கையால் தள்ளிவிடாமல் அப்படியே வாங்கி மடியில் வைத்துக்கொண்டுவிட்டாள்!

"அக்கா..." என்றான் விபோவோ. "ஹெஸ்தி சும்மா ஒரு..."

மேலே பேச அவனுக்கு வழியில்லை. சும்மா சொன்னதுதான் என்று எப்படிச் சொல்வான்? அப்படிச் சொன்னால் அவனும் ஹெஸ்தியும் முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் சொன்ன அத்தனை உபசாரமும் சும்மாதான் என்று ஆகிவிடும். மாவட்ட அலுவலகத்தில் தலைகாட்ட முடியாது.

"...சும்மா ஒரு வார்த்தைக்குச் சொல்லல" என்று முடித்தான். "மனசாரத்தான் சொன்னா."

"தெரியும்ப்பா" என்றாள் நிங்.

அவள் எழுந்து என் லுங்கிகளை மடிக்கத் தொடங்கினாள். மாத்திரைகளை எடுத்து வைத்தாள். எது காலை, எது மதியம் என்று ஹெஸ்திக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள்.

வாசலில் பு மர்சூடி எட்டிப் பார்த்தாள். "தலைவி பதவி உங்களுக்குப் பாரம்னா, எங்க வீட்டு மருமகளே வேணும்னாலும்..."

"சரி. அவளே இருக்கட்டும். நன்றி."

பு மர்சூடி வந்த வழியே பின்னாலேயே நடந்து போனாள்.

"ஆட்டை என்ன பண்றது?" என்று விபோவோ பலவீனமாகக் கேட்டான்.

"ஆடும் எங்ககூட வரட்டுமே" என்றாள் ஹெஸ்தி. வாய்ப் பழக்கம், பாவம். சொல்லி முடித்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி" என்றாள் நிங்.

மூன்றரை மணிக்கு என்னையும் ஆட்டையும் காரின் பின் இருக்கையில் ஏற்றினார்கள். ஜன்னல் ஓரம் ஆட்டுக்கு. நிங் குனிந்து என் இடது காலுக்கடியில் ஒரு தலையணையை வைத்தாள். அவள் கழுத்தோரம் நாணயம் இழுத்த சிவப்புக் கோடு தெரிந்தது.

"அப்பா, கோபமா?"

"எனக்கென்ன கோபம்?"

"இப்பவாவது நெசத்தைச் சொல்லுங்கப்பா. இன்னிக்கு ஒரு நாள்."

ஆடு என் சட்டைக் காலரை மென்றுகொண்டிருந்தது. முன் இருக்கையில் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"கோபம்தான்" என்றேன். "கொஞ்சம்."

"எவ்வளவு?"

"நீ இல்லாட்டி எந்த வீட்டுலயும் சத்தமே இருக்காது. அவ்வளவு."

அவள் தலையணையை இன்னொரு தடவை சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா போறேன்ப்பா. போகலைன்னா உங்களையும் சேர்த்து வெறுத்துடுவேன். அதுக்கு நான் போறதே மேல்."

"போம்மா" என்றேன். "ஒரு வருஷம்தான? நான் அதுக்குள்ள எங்கயும் போக மாட்டேன். போறதுக்குக் கால் வேணுமே."

அவள் சிரித்தாள். அன்றைக்கு யாருக்காகவும் இல்லாமல் சிரித்த முதல் சிரிப்பு. பையை எடுத்துக்கொண்டு பெச்சா என்கிற மிதி ரிக்‌ஷாவில் ஏறினாள். பஸ் நிலையம் என்று சொன்னாள். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்துக் கையசைக்க வேண்டும். அதுதான் முறை. அவள் திரும்பவில்லை. சந்து முனையில் அவள் முதுகு வெயிலில் கொஞ்ச நேரம் தெரிந்தது. பிறகு ஒரு ஐஸ் வண்டி குறுக்கே வந்தது.

எங்கள் கார் எதிர்ப்பக்கம் திரும்பியது. "எத்தனை நாளைக்குங்க?" என்று ஹெஸ்தி மெதுவாகக் கேட்டாள். என்னைச் சொன்னாளா, ஆட்டைச் சொன்னாளா என்று விளங்கவில்லை. விபோவோ சிக்னல் பச்சையான பிறகும் வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

பேனா பிடிக்க என் கை ஒத்துழைக்காததால், இந்தத் தொடரை நான் வாரா வாரம் சொல்லச் சொல்ல, அதே சந்து வீட்டில், அந்த நாலரை மணி டிக்கெட் இன்னும் கிழிபடாமல் பையிலேயே இருக்க, என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்பவள் நிங்.